முட்டை ஓட்டை நாம் உடைக்கலாமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு மணி அடிக்கவும் ஆள் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் இரவு பத்தரை மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து ஒரு மாணவன் போன் செய்தான். அவனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். மொட்டை மாடியில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறான். ரிச்சி தெருவில் வாங்கிய தெர்மோஸ்டாட், ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். இதுதான் அவனுடைய இன்குபேட்டர். 14 முட்டை வைத்திருக்கிறான். 21-ஆம் நாள். ஒன்பது குஞ்சு வெளியே வந்துவிட்டது. ஒரு முட்டையில் மட்டும் காலை ஒன்பது மணிக்கே குஞ்சு ஓட்டைக் கொத்தி ஓட்டை போட்டுவிட்டது. அதோடு நிற்கிறது. உள்ளே இருந்து கீச்சுக் கீச்சென்று கத்துகிறதாம். "பாவமா இருக்கு டீச்சர், உடைச்சு விட்டுடட்டுமா?" என்றான்.

"காலை வரைக்கும் மூடியைத் திறக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் ஏன் திறக்கக் கூடாது என்று அவன் கேட்டதற்கு அந்த நேரத்தில் பதில் சொல்லி முடியாது. இந்தக் கேள்விக்கு ஆயிரக்கணக்கான வருட வரலாறு இருக்கிறது. அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் நம் வீட்டுக் கதை. யானைக்கவுனி என்றால் இன்று நெரிசலும் பார்சல் வண்டியும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் இங்கே கோட்டை மதில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1758-59-ல் சென்னையை முற்றுகையிட்ட பிறகு, கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்காக வரி போட நினைத்ததில் வால்டாக்ஸ் சாலைக்குப் பெயர் வந்தது. மதில் போய்விட்டது, பெயர் நிற்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது இந்தச் சந்துகளில் கோழி வளர்க்காத வீடு குறைவு. என் ஆயா கூடையில் வைக்கோலும் சாம்பலும் போட்டு அடை வைப்பார். முட்டை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இடி விழுந்தால் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் ஓர் இரும்புத் துண்டும் ஒரு கரித் துண்டும் கிடக்கும். இதற்கெல்லாம் அறிவியல் காரணம் தேட வேண்டாம். ஆனால் ஆயாவின் ஒரு விதிக்குக் காரணம் உண்டு. குஞ்சு பொரிக்கும் மூன்று நாளும் கூடைப் பக்கம் யாரும் போகக் கூடாது. அடைக்கோழி தானே எழுந்து வரும் வரைக்கும் கூடை கோழியுடையது, நம்முடையது அல்ல.

பொரிக்காத முட்டைக்குக் 'கூமுட்டை' என்று பெயர். நம்மூரில் எத்தனையோ வாத்தியார்கள் வகுப்பில் இந்த வார்த்தையைப் பிள்ளைகள் மீது வீசியிருக்கிறார்கள். ஒரு முட்டை கூமுட்டையா இல்லையா என்று 21 நாள் முடியும் முன் அடைக்கோழிக்கே தெரியாது. வாத்தியாருக்கு மட்டும் ஜூன் மாதமே எப்படித் தெரிகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இனி எகிப்துக்குப் போவோம். கோழி இல்லாமல் முட்டையைப் பொரிக்க வைக்கும் வித்தையில் பழைய கைகள் எகிப்தியர்களுடையவை. சீனர்களுக்கும் இந்த வித்தை பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த அரிஸ்டாட்டில், எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். பிறகு அது பச்சைச் செங்கல்லால் கட்டிய பெரிய சூளைகளாக வளர்ந்தது. நடுவே ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள். ஒவ்வோர் அறையும் மேல் கீழ் என்று இரண்டு அடுக்கு. ஒன்றில் முட்டை, மற்றொன்றில் சாணமும் வைக்கோலும் கலந்த கணப்பு. ஒரு சூளையில் ஆயிரக்கணக்கான முட்டைகள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துத் தன் கண் இமை மீது வைத்துப் பார்ப்பார் சூளைக்காரர். இமைத் தோலுக்குச் சூட்டின் நுணுக்கம் தெரியும். அதிகமானால் புகைத் துளையைத் திறப்பார். குறைந்தால் மூடுவார். நைல் நதி டெல்டாவில் பெர்மா என்ற கிராமத்தார் இதில் பேர் போனவர்கள். வித்தையை வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள்.

பிரான்சில் ரெயாமூர் என்ற அறிஞர் இதைக் கேள்விப்பட்டு விடாமல் முயன்றார். தெர்மாமீட்டருக்குத் தம் பெயரில் ஓர் அளவையே தந்தவர் அவர். பீப்பாய்களைச் சூடான குதிரைச் சாணத்தில் புதைத்து, உள்ளே முட்டை வைத்துப் பார்த்து, 1749-ல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அங்கிருந்து 1881-க்கு வாருங்கள். இங்கிலாந்தில் ஹியர்சன் என்பவர் ஒரு சிறிய உலோக உறை செய்தார். உள்ளே குறிப்பிட்ட சூட்டில் கொதிக்கும் திரவம். சூடு ஏறினால் உறை உப்பும். உப்பினால் ஒரு கம்பியைத் தூக்கும். கம்பி விளக்கின் சூட்டை வேறு பக்கம் திருப்பிவிடும். சூளைக்காரரின் கண் இமை செய்த வேலையை ஒரு தகரப் பொட்டலம் செய்தது. ரிச்சி தெருவில் என் மாணவன் வாங்கிய தெர்மோஸ்டாட்டின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

சூட்டுப் பிரச்சினை தீர்ந்தது. பொறுமைப் பிரச்சினை தீரவில்லை. பெட்டிக்குக் கண்ணாடி வைத்ததும் அது அதிகமானது. கோழியின் இறக்கைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்க முடிந்த பிறகுதான் 'உதவலாமா' என்ற கேள்வியே பிறந்தது. தீவுத்திடல் பொருட்காட்சியில் கால்நடைத் துறை அரங்கில் அப்படி ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பார்கள். ஆறாவது நிமிடம் ஒரு கை கண்ணாடியைத் தட்டும்.

சரி, ஓட்டுக்குள் என்ன நடக்கிறது? பாடம்தான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க முடியாது.

கோழி முட்டைக்கு ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தினமும் பல முறை புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்த வேண்டும். ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். குஞ்சு அப்போது வெளியே வருவதற்கான நிலையில் தன்னை அமைத்துக்கொள்கிறது. அதுவரைக்கும் அதற்குச் சுவாசம் கொடுத்தது நுரையீரல் அல்ல. ஓட்டின் உட்புறம் முழுவதும் விரிந்திருக்கும் ரத்தக் குழாய் வலை. ஓட்டில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாக அது காற்றை வாங்கும். குஞ்சு வளர வளர அந்தக் காற்று போதாது. உள்ளே கரியமில வாயு கூடுகிறது. மூச்சு முட்டுகிறது. அந்த முட்டலில்தான் கழுத்தின் பின்னால் இருக்கும் ஒரு தசை துடிக்கிறது. அலகு மேலே எழும்பி, முட்டையின் அகலப் பக்கத்தில் இருக்கும் காற்றறையின் சவ்வைக் கிழிக்கிறது. குஞ்சு முதல் முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. ஓட்டுக்குள்ளிருந்து கேட்கும் கீச்சுக் குரல் அப்போது தொடங்குவது.

காற்றறைக் காற்றும் சில மணி நேரத்தில் தீரும். அதன் பிறகு, அலகு நுனியில் இருக்கும் சிறு கூர்முனையால் ஓட்டைக் கொத்தி ஒரு துளை போடுகிறது. வெளிக்காற்று கிடைத்துவிட்டது. இப்போதுதான் நாம் பயப்படும் அந்த ஓய்வு. பன்னிரண்டு மணி, பதினெட்டு மணி, சில நேரம் இருபத்துநான்கு மணி நேரம் கூடக் குஞ்சு அப்படியே கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் சோர்ந்துபோன மாதிரி இருக்கும். உள்ளே பெரிய வேலை நடக்கிறது. ஓட்டுச் சுவரில் இருக்கும் ரத்தம் எல்லாம் மெல்ல மெல்ல உடலுக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டும் முடிந்த பிறகுதான் குஞ்சு சுழன்று சுழன்று ஓட்டை வட்டமாக அறுத்து, காலால் உந்தி வெளியே வரும். இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது நாம் ஓட்டை உரித்தால், ரத்தம் இன்னும் இருக்கும் குழாயைக் கிழிக்கிறோம். உள்ளே போகாத மஞ்சள் கருவோடு குஞ்சை வெளியே இழுக்கிறோம்.

உள்ளே இழுத்துக்கொண்ட அந்த மஞ்சள் கருதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். இதை நம்பித்தான் 1918-ல் அமெரிக்கத் தபால் துறை ஒருநாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்ப ஒப்புக்கொண்டது. துளை போட்ட அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகள் ஊர் விட்டு ஊர் போகும் வியாபாரம் எல்லாம் அந்தக் கட்டுச்சோற்றின் மேல் கட்டியதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரப்பதம் குறைந்தால் சவ்வு காய்ந்து, காகிதம் போலாகிக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்போது நிஜமாகவே அதனால் சுழல முடியாது. ஈரப்பதம் ஏன் குறைகிறது? பெரும்பாலும் நாம் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால். பாவம் பார்த்து ஒரு குஞ்சுக்காகத் திறந்த மூடி, இன்னும் வெளியே வராத மற்றதையும் சிக்க வைக்கும். உதவி தேவைப்படும் நிலையை உதவியே உண்டாக்கும்.

மாணவன் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அந்தக் குஞ்சு விடிகாலையில் தானே வெளியே வந்தது. ஆனால் வேறொரு முட்டையில் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தது. துளையே போடவில்லை. மீதி மூன்றும் கூமுட்டை. முதல் செய்தியை மட்டும் எழுதியிருந்தால் பதிவு அழகாக இருந்திருக்கும். ஆனால் காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மை அல்ல. துளை போட்டு 24 மணி நேரம் கடந்தும் வேலை நகரவில்லை, சவ்வு வெள்ளை மாறிப் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, ஓட்டைச் சிறிது சிறிதாக எடுத்துவிடலாம். ஒரு துளி ரத்தம் தெரிந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். பெட்டியில் திரும்ப வைத்துக் காத்திருக்க வேண்டும். வெளியே எடுக்கக் கூடாது, வழி மட்டும் விட வேண்டும். அதற்குப் பிறகும் சில பிழைக்காது.

பெரிய குஞ்சுப் பண்ணைகளில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஒரே அறையில் பல ஆயிரம் முட்டைகள். குறித்த மணிக்குத் தட்டுகளை வெளியே இழுப்பார்கள். அதற்குள் வந்தது கணக்கில் சேரும். வராதது கழிவு. முட்டைக்கோழி இனத்தில் சேவலாகப் பிறந்தால் முதல் நாளே முடிவு. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் அதைச் சட்டம் போட்டு நிறுத்தியது. நாமக்கல்லிலிருந்து தினமும் கோடிக்கணக்கில் வரும் முட்டைகளில்தான் நம் பிள்ளைகளின் சத்துணவு முட்டையும் இருக்கிறது. அந்தத் தொழிலைக் குறை சொல்லிவிட்டு அந்த முட்டையைத் தட்டில் வைக்க என்னால் முடியாது. ஆனால் தலையிடாமல் இருப்பது எப்போதும் இயற்கைக்கு மரியாதை அல்ல, சில நேரம் அது வெறும் கணக்கு. இது நம் மனதில் இருக்கட்டும்.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். இந்தக் கேள்வியைச் சென்னை சந்தித்த இடம் கோழிக் கூடை அல்ல, மணல்.

தை பிறந்தால் பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வரும். இரவில் ஏறி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. நாற்பத்தைந்திலிருந்து அறுபது நாளில் மணலின் சூட்டில் குஞ்சுகள் பொரிக்கும். 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகர், சதீஷ் பாஸ்கர் போன்ற இளைஞர்கள் இரவில் கரையோரம் மைல் கணக்கில் நடந்து இந்தக் கூடுகளைத் தேடினார்கள். நாய், நரி, முட்டை எடுத்து விற்பவர்கள் என்று கூடுகள் தப்புவது அரிதாக இருந்தது. அதனால் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட மணல் திடலில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்துப் பாதுகாக்கும் வழக்கம் தொடங்கியது. பிறகு அரசுத் துறைகளும் அதைச் செய்தன. 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இந்த வேலையைத் தொடர்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

கோழி முட்டைக்கு நேர் எதிர் விதி ஆமை முட்டைக்கு. கோழி முட்டையைப் புரட்டாவிட்டால் கரு சாகும். ஆமை முட்டையைப் புரட்டினால் கரு சாகும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் இட்ட அன்றைய இரவே எடுத்துவிட வேண்டும். தாமதமாகக் கண்டுபிடித்த கூட்டைத் தொடுவது அதைக் கொல்வதற்குச் சமம். கோழியிடம் கற்றதை ஆமையிடம் காட்டினால் நல்ல மனதோடு நூறு உயிரைக் கொன்றிருப்போம்.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உலகத்துக்கே தாமதமாகத் தெரிந்தது. நம் பங்குனி ஆமைக்கு நெருங்கிய உறவு, மெக்சிகோ வளைகுடாவில் வாழும் கெம்ப் ஆமை. 1947-ல் ஒருவர் எடுத்த சினிமாப் படச்சுருளில், ராஞ்சோ நுவேவோ என்ற மெக்சிகோ கரையில் ஒரே நாளில் ஏறிய தாய் ஆமைகளைப் பின்னால் 40,000 என்று மதிப்பிட்டார்கள். 1985-ல் அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த கூடுகள் சுமார் 700. இரண்டாவது கரை ஒன்றை உருவாக்க வேண்டும் என்று, 1978 முதல் 1988 வரை ஆண்டுக்குச் சுமார் 2,000 முட்டைகளை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோய், அந்த ஊர் மணலை நிரப்பிய பெட்டிகளில் பொரிக்க வைத்தார்கள். எல்லாம் கவனமாக நடந்தது. ஆனால் ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது பரம்பரை அல்ல, மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரிக்குக் கீழே போனால் ஆண், மேலே போனால் பெண். பெட்டிகளில் வைத்துப் பொரிக்கும் முட்டைகள் மணல் கூட்டைவிடக் குளிர்ந்து போகும், ஆண்களே அதிகமாகப் பிறக்கலாம் என்று 1980-ல் மிரோசோவ்ஸ்கி, யின்டெமா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். பார்த்தால், டெக்சாஸில் முதல் சில ஆண்டுகள் பிறந்தவற்றில் பெரும்பாலானவை ஆண். காப்பாற்றிய குஞ்சுகள் உயிரோடுதான் இருந்தன. முட்டையிட வேண்டிய பெண்கள்தான் போதவில்லை. 1985 முதல் சூட்டைக் கூட்டினார்கள். அப்படி வளர்த்து விட்ட ஆமை ஒன்று டெக்சாஸ் கரைக்கே திரும்பி வந்து முட்டையிட்டது 1996-ல்.

நம் மணல் திடல்களிலும் அதனால் கவனம் உண்டு. வெயில் ஏறும் மாதங்களில் மேலே நிழல் பந்தல் போடுவது குஞ்சு வேகாமல் இருக்க மட்டும் அல்ல. எல்லாம் பெண்ணாகிவிடாமல் இருக்கவும்தான். குஞ்சு வெளியே வந்ததும் கையில் எடுத்துத் தண்ணீரில் போட மாட்டார்கள். கரை மணலில் இறக்கி, தானே தவழ்ந்து கடலுக்குப் போக விடுவார்கள். வேலி நம்முடையது, நடை அதனுடையது. முடிந்த இடத்தில் முட்டையை எடுக்காமல் கூட்டை அங்கேயே காப்பதுதான் நல்லது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால் கரை முழுவதும் மின்விளக்கும் நாயும் இருக்கும் சென்னையில் அது எல்லா இடத்திலும் முடியாது. குஞ்சு வெளிச்சம் பார்த்து நடக்கும். கடலின் மினுமினுப்பு என்று நினைத்துச் சாலைக்குப் போகும்.

வடசென்னைக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் தெற்கிலேயே நின்று மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. தடுக்கக் கருங்கல் கொட்டினோம். கல்லின் மேல் ஆமை ஏற முடியாது. கூடு கட்ட மணலே இல்லாத கரையில் முட்டையைத் தொடலாமா கூடாதா என்று யார் கேட்பது? 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை. கூட்டில் ஒவ்வொரு முட்டையாக எண்ணிக் காப்பாற்றுபவர்களின் உழைப்பை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மீன்பிடிப்பவர்களும் நம் பிள்ளைகள்தான். அவர்கள் பிழைப்பையும் சேர்த்துத்தான் வழி தேட வேண்டும்.

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் தலையிடக் கூடாது என்பதுதான் டீச்சர் முடிவு" என்று நினைத்திருப்பீர்கள். இன்னும் ஒரு ஜீவன் பாக்கி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை உங்களில் பலருக்குப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த இடம். 1976-ல் ராமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் தொடங்கியது. முதலையும் முட்டையை மண்ணில் புதைக்கும். ஆனால் ஆமை மாதிரி போய்விடாது, காவல் இருக்கும். உள்ளே குஞ்சுகள் கத்தத் தொடங்கியதும் தாய் மண்ணைத் தோண்டும். பொரிக்காமல் இருக்கும் முட்டையை வாயில் எடுத்து, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே மெதுவாக உருட்டி ஓட்டை உடைத்துக் குஞ்சை விடும். பிறகு வாயிலேயே வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோகும். எருமை எலும்பை நொறுக்கும் தாடை அது. நம் ஊர் முதலைகளில் தந்தையும் இதைச் செய்யும் என்பதை வடநெம்மேலியில்தான் பார்த்து, 1980-களில் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதனால் இன்குபேட்டரில் வைத்த முதலை முட்டையில் குஞ்சு கத்தினால், வேடிக்கை பார்ப்பதுதான் இயற்கைக்கு மாறானது. தாய் செய்யும் வேலையை மனிதக் கை செய்துதான் ஆக வேண்டும்.

கடைசி எண்ணிக்கையில் நிற்கும் உயிர்களுக்கு இன்னொரு கணக்கு. கானமயில் என்ற பெரிய பறவை ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்தது. இன்று நாடு முழுவதும் சேர்த்து 150-க்கும் குறைவு என்கிறார்கள். 2019-ல் ராஜஸ்தானில் ஜெய்சல்மர் பக்கம், பாலைவனக் கூடுகளிலிருந்து முட்டையை எடுத்து இன்குபேட்டரில் பொரிக்க வைத்தார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது. அந்தப் பறவை பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். அதை எடுப்பதும் ஆபத்து, விடுவதும் ஆபத்து. அங்கே ஒரு முட்டை ஓர் இனத்தின் நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் வண்ணத்துப்பூச்சிக் கதை ஒன்று வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறது. கூட்டுப்புழு வெளியே வரத் தவித்ததாம், ஒருவன் இரக்கப்பட்டுக் கூட்டை வெட்டிவிட்டானாம், பூச்சி பறக்க முடியாமல் போனதாம். ஆகவே போராட விடுங்கள், உதவாதீர்கள் என்று முடியும். கேட்க நன்றாக இருக்கும். இந்தக் கதையை ஆசிரியர் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். பின்தங்கிய பிள்ளையை அப்படியே விடுவதற்குச் சாக்காக.

என் வகுப்பில் ஒரு பையன் நான்காம் வகுப்பு வரைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தான். இரவில் சவுகார்பேட்டையில் அப்பாவோடு மூட்டை அடுக்கிவிட்டு, காலையில் வகுப்பில் தூங்குவான். "விடுங்க டீச்சர், தானா வருவான்" என்றார்கள். தானாக வர அவன் கோழிக் குஞ்சு அல்ல. அவனைச் சுற்றி இருந்த சவ்வு காய்ந்திருந்தது, அவனால் அல்ல. தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், மூன்று மாதம் பக்கத்தில் உட்கார வைத்தேன். தை மாதம் பேருந்தில் ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்தேன் என்று ஓடி வந்து சொன்னான். அதே வகுப்பில் ஒரு பெண். வீட்டுப்பாடம் எல்லாம் முத்து முத்தாக இருக்கும். எழுதுவது அவள் அக்கா. அவளுக்கு நான் செய்த ஒரே உதவி, இனிமேல் வகுப்பிலேயே எழுது, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி, பேனாவைத் தொடாமல் எதிரே உட்கார்ந்திருந்தது. முதல் வாரம் முழுவதும் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கதையைச் சொல்லியிருந்தால் ஒருவர் போயிருப்பார்.

இன்னொரு செய்தி. 1960-களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளைக் கவனித்தார். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் முட்டைகளுக்குள் குஞ்சுகள் 'டிக் டிக்' என்று ஓசை கொடுக்கின்றன. அந்த ஓசை கேட்டுப் பின்தங்கிய குஞ்சும் வேகம் பிடித்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. தனியாக வைத்த முட்டைக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. ஆமைக் குஞ்சுகளும் அப்படித்தான். ஒன்று தனியாக ஒன்றரை அடி மணலைத் தோண்டி மேலே வருவது கடினம். நூறும் சேர்ந்து காலை உதைத்தால் கூரை மணல் சரிந்து காலுக்குக் கீழே படியாகிறது. பிள்ளைகளைக் கெட்டிக்காரர், மக்கு என்று தனி பெஞ்சில் பிரிக்காதீர்கள் என்று நான் சண்டை போட்டதெல்லாம் இந்த ஆய்வு தெரியாத காலத்தில். தெரிந்திருந்தால் இன்னும் சத்தமாகப் போட்டிருப்பேன்.

ஆகவே, ஓட்டை உடைக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான். அது எந்த உயிர், எந்த மணி நேரத்தில் இருக்கிறது, அதன் சிக்கலுக்கு நம் கை எவ்வளவு காரணம்? இதைத் தெரிந்துகொள்ளாமல் உடைப்பவர் இரக்கமுள்ளவர் அல்ல, பொறுமை இல்லாதவர். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் பொறுமைசாலியும் அல்ல.

இன்குபேட்டர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக: 18-ஆம் நாளுக்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு மூடியை மூடுங்கள். துளை விழுந்த நேரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். 'ரொம்ப நேரமாச்சு' என்று மனசு சொல்லும், கணக்கு வேறு சொல்லும். ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில் ஆமை தேடி நடப்பவர்களோடு ஒரு முறையாவது உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். டார்ச் வேண்டாம், செருப்பு கையில் இருக்கட்டும்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஆயா, பாட்டி, அத்தைமார் அடை வைக்கும்போது என்னென்ன செய்வார்கள், எதைச் செய்ய விட மாட்டார்கள் என்று கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கூடைக்குள் இரும்புத் துண்டு எதற்கு என்று என் ஆயாவை நான் கேட்டபோது, "அது அதுக்குத் துணைடி" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
யானைக்கவுனி